கழுவிக் கெடுத்த சைக்கிள்

சைக்கிள் நகரம் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த புனேயில் குடியேறியும், சைக்கிளைப் பற்றி நாம் அறிந்தது டயருக்குக் காற்றடிப்பதும் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும்தான். அந்த அறியாமையின் பலனைச் சென்ற மழைக்காலத்தில் நம் மகளின் முழங்கை அனுபவித்தது.

அவள் ஓட்டுவது மலைச் சைக்கிள். அதன் முன் ஃபோர்க், பழைய சைக்கிளில் உள்ளதுபோல் விறைத்து நிற்பதன்று. மேலிருந்து வரும் இரு குழல்கள் கீழுள்ள இரு கால்களுக்குள் இறங்கி ஏறும். ஒரு காலில் அழுத்தி அடைத்த காற்று ஸ்பிரிங்காக நின்று தாங்கும். மறு காலில் எண்ணெய் சிறு துளைகளின் வழியே ஓடித் துள்ளலை அடக்கும். சிம்மகட் பக்கத்துச் சரிவொன்றில் அது அமுங்கியது, எழவில்லை. அடுத்த கல்லில் சக்கரம் முட்டிற்று. முழங்கையில் ஐந்து தையல்.

கடைக்காரர் ஒருவர் தொட்டுக்கூடப் பாராமல், ஃபோர்க் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார். அவர் கேட்ட தொகை சைக்கிள் விலையில் ஏறக்குறையப் பாதி. இல்லத்தரசியாரோ, "ஃபோர்க்கும் வேண்டாம், மலையும் வேண்டாம், விற்றுவிடுங்கள்" என்று தீர்ப்பளித்துவிட்டார். மகள் வாய் திறக்கவில்லை. எதற்கும் வாதாடுபவள் அவள். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல்தான் ஞாயிறன்று நாமே சாவிகளுடன் உட்கார்ந்தோம்.

முதல் ஐயம் கழுத்தின் மேல். முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, ஹாண்டில்பாருக்குக் கீழே பேரிங் இருக்குமிடத்தில் விரல் வைத்துப் பார்த்தோம். அசைவில்லை. அடுத்து, காற்று கசிகிறதோ என்று வால்வில் சோப்புநீர் தடவினோம், குமிழி இல்லை. ஆயினும் ஃபோர்க்குக்கென்றே உள்ள சிறு பம்பை மாட்டும் ஒவ்வொரு முறையும் அளவுமானி குறைந்தே காட்டிற்று. பம்பின் குழாய்க்குள் புகும் காற்றே அக்குறைவுக்குக் காரணம் என்று விளங்குவதற்குள் அரைமணி கழிந்தது.

காற்று முழுவதையும் வெளியேற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. காற்றில்லாத ஃபோர்க் கை அழுத்தத்திற்கு வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். நம்முடையதோ திக்கித் திக்கி நகர்ந்தது. ஆகவே நோய் காற்றிலன்று, உராய்வில்.

சக்கரத்தைக் கழற்றி, கால்களின் அடியிலுள்ள போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கீழ்ப்பகுதியை உருவினோம். காற்று இருக்கும்போது இவ்வேலையில் இறங்குவது ஆபத்து. உள்ளிருந்து வடிந்த எண்ணெய் பால் விட்ட தேநீர்போல் இருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. ஸீலுக்குக் கீழே எண்ணெயில் ஊறிக் கிடக்கவேண்டிய நுரை வளையங்கள் காய்ந்து சேறு பூசியிருந்தன.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? ஒவ்வொரு மழைச் சவாரிக்குப் பின்னும், காரைக் கழுவும் பம்பால் பீய்ச்சிக் கழுவியவர் வேறு யாருமல்லர், நாமே. போதாக்குறைக்கு, பளபளப்புக்காகத் துரு நீக்கும் திரவத்தையும் குழல்களின்மேல் தெளித்து, இருந்த கிரீஸையும் கரைத்திருக்கிறோம்! ஐம்பது மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை இப்படித் திறந்து துடைக்கச் சொல்லும் நிறுவனமும் உண்டு. நாம் இரண்டாண்டுகள் திறக்கவே இல்லை.

1976-இல் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் பழைய சைக்கிள்களில் பந்தயம் விட்டவர்கள், பின்சக்கர பிரேக் சூட்டில் கிரீஸ் புகைந்துபோவதால், இறங்கியபின் புதிதாக அடைப்பார்களாம். அதனாலேயே அப்பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். அவர்களுக்கு இருந்த பொறுப்பு நமக்கு இல்லாமற் போயிற்று.

குழல்களை நகத்தால் வருடிப் பார்த்தோம். எங்கும் தட்டவில்லை. தட்டியிருந்தால் கடைக்காரர் சொல் பாதியேனும் மெய்யாகியிருக்கும். வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, ஸீலின் உட்புறம் கிரீஸ் தடவி, நிறுவனம் குறித்த அளவு புது எண்ணெயை மருந்து ஊசிக்குழலால் விட்டு, புது வாஷர்களுடன் பூட்டிக் காற்றடித்தோம். எண்ணெய் பிரேக் தட்டில் சிந்தாமல் காப்பதுதான் பெரும்பாடாயிற்று.

மகளை ஏறி உட்காரச் சொன்னோம். நூறு மில்லிமீட்டர் ஓடும் ஃபோர்க் அவள் எடைக்கு இருபத்துமூன்று மில்லிமீட்டர் அமுங்கியது. இறங்கியதும் முழுதும் எழுந்தது. நடந்ததை மறைக்காமல் தாய்க்கும் மகளுக்கும் சொன்னோம். அவள் தழும்பைத் தடவிக்கொண்டே, "அப்பா, இனிமேல் நானே கழுவிக்கொள்கிறேன். ஒரு வாளித் தண்ணீர் போதும்" என்றாள்.