போண்டா போட்ட முடிச்சு

பெண் பார்க்கப் போகிற நாளிலா மெஸ்ஸில் போண்டா போட வேண்டும்? புது வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டில் எட்டணா அகலத்துக்கு எண்ணெய். பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரம் காய இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு அழுத்து. பி.காம். மூளை! சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பல்லடம் தாண்டும்போது குனிந்து பார்த்தால் கறை மஞ்சளாகச் சிரிக்கிறது.

போனது காங்கயம். காளைக்கு மட்டுமல்ல, தேங்காயெண்ணெய்க்கும் பேர் போன ஊர். பெண்ணின் அப்பாவுக்கோ எண்ணெய் மில். அவர் கண் நேராகப் பாக்கெட்டுக்குத்தான் போனது.

"கடலெண்ணெயுங்களா தம்பி?"

"போண்டாங்க."

"பட்டவொடனே தவுட்டைத் தூவி வெச்சா எண்ணெயைக் குடிச்சுக்குமுங்க. அப்பறம் அரப்பு. சூடு மட்டும் காட்டக் கூடாது."

"காட்டிட்டேனுங்க."

தலைக்குத் தேய்க்கிற அரப்பேதான். அதன் நுரை ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். சோப்பின் வேலையும் அதுவே. சூடு காட்டினால் எண்ணெய் நூலுக்குள் குடியேறிவிடும். லேசில் காலி செய்யாது.

"வெள்ளைச் சட்டைக்கு அரப்புப் போட்டாப் பச்சை ஒட்டிக்குமுங்கப்பா. பாத்திரம் தேய்க்கிற சோப்பே போதும்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அவள் பேசி நான் கேட்ட முதல் வசனம் அதுதான். சோப்பு போட்டும் கறை முழுசாகப் போகவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சட்டையைத் தூக்கிப் போடவும் அவள் விடவில்லை.