துவரையில புழு விழுற மாசம்

மார்கழிப் பனியோட நாலு நாள் மூட்டமும் சேர்ந்துட்டா எங்க தருமபுரிப் பக்கம் துவரை போட்டவனுக்குத் தூக்கம் வராது. ஆடியில விதைச்சது அப்பத்தான் பூவும் பிஞ்சுமா நிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பச்சைக் காய்ப்புழு வரும்.

கடையில பருப்பா மட்டும் பார்க்கிறவங்களுக்காகச் சொல்றேன். அந்துப்பூச்சி ராத்திரியில வந்து மொட்டுலயும் பூவுலயும் ஒவ்வொரு முட்டையா வைக்கும். பொரிச்ச புழு முதல்ல பூவைத் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் காயில ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, பாதி உடம்பு வெளியில தொங்கத் தொங்கச் சாப்பிடும். ஒரு காயோட விடாது. காய் ஈ இன்னும் மோசம். வெளியில ஒண்ணும் தெரியாது, உரிச்சாத்தான் உள்ளே சின்ன வெள்ளைப் புழு நெளியும்.

இந்த வருஷம் எனக்கு இருக்கிற ஒரு ஏக்கரும் துவரைதான். மருந்துக்கடையில கேட்டா மூணு பாட்டிலை எடுத்து வச்சு, கலந்து அடிங்கன்றாங்க. மகனும் அதையேதான் சொன்னான். "பக்கத்துக் காட்டுல அடிச்சாச்சுப்பா, நாம மட்டும் சும்மா இருந்தா விளைச்சல் போயிடும்." அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா மார்கழி, தையில பச்சைத் துவரங்காயை உப்புப் போட்டு அவிச்சுத் தின்கிற ஊரு இது. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க வரப்புல நடந்துக்கிட்டே உருவித் தின்னும். வேலைக்கு வர்ற பொம்பளைங்க மடியில கொஞ்சம் கட்டிக்கிட்டுப் போவாங்க. யாரும் கேக்கிறதும் இல்லை, வேண்டாம்னு சொல்றதும் இல்லை. விஷத்தை அடிச்சிட்டு இத்தனை பேரையும் தொடாதேன்னு யார் காவல் காக்கிறது? பூவுல தேனீ வேற.

அதனால இனக்கவர்ச்சிப் பொறி அஞ்சு வச்சேன். பெண் பூச்சி வாசனைன்னு நம்பி ஆண் பூச்சி வந்து பையில விழும். அதுவே புழுவை ஒழிச்சிடும்னு உட்காரக் கூடாது; பூச்சி எப்போ கூடுது, எப்போ குறையுதுன்னு அது சொல்லும், அவ்வளவுதான். 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, துணியில கட்டி ராத்திரி ஊறவச்சு, பிழிஞ்சு 200 லிட்டர் தண்ணியாக்கி, சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடிச்சோம். கை நாத்தம் ரெண்டு நாள் போகலை. குட்டிப் புழுவுக்கு அது சரி. ஒரு அங்குலத்துக்கு மேல பெருத்துட்டா எந்தக் கசப்பும் ஏறாது. செடிக்கு அடியில கிழிஞ்ச சேலையை விரிச்சு உலுக்கணும், பொலபொலன்னு கொட்டும். அன்னைக்குக் கோழிகளுக்குத் தீவனமே வைக்கலை. செடியை விட உசரமா 20 குச்சியும் நட்டேன், கரிச்சான் உட்கார்ந்து பொறுக்கட்டும்னு.

உலுக்கி முடிக்க நானும் வீட்டுக்காரியும் ரெண்டு நாள். மூணாம் நாள் மகன் வந்து, ஒண்ணும் பேசாம சேலையோட ஒரு முனையைப் பிடிச்சான்.

மேற்கு மூலையில நிறையக் காய் ஓட்டைதான். அது போச்சு. போன வாரம் பொறியில முப்பதுக்கு மேல விழுந்த அந்து, நேத்து ஏழு. மூட்டம் இன்னும் விலகலை, இன்னொரு தடவை வேப்பங்கொட்டை ஊறப்போடணும். இந்தத் தடவை இடிக்கிறது மகன் முறை.