குறுக்கே பேச ஒரு குரல்

வயதாக ஆகத் தூக்கம் குறைந்துவிட்டது. விடிகாலை நாலு, நாலரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. சென்னையில் அந்த நேரத்துக்கு எழுந்து என்ன செய்ய? வெளியே கும்மிருட்டு, பால் பாக்கெட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்தமானில் எங்கள் ஊரான சௌல்தாரியாக இருந்தால் மே மாசத்தில் ஐந்து அடிப்பதற்குள் பளிச்சென்று விடிந்திருக்கும். நாடு முழுக்க ஒரே நேரம் என்று வைத்திருக்கிறார்கள், கிழக்கே அத்தனை தூரம் தள்ளிக் கிடக்கும் அந்தமானுக்கும் அதே கடிகாரம்தான். அதனால் எங்கள் ஊரில் சூரியன் எப்போதும் முந்திக்கொண்டு வரும், முந்திக்கொண்டு போகும். மார்கழியில் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு விளக்கு ஏற்றியாக வேண்டும். அப்புறம் ராத்திரிதான், நீள நெடுக. சாப்பிட்டு முடித்த பிறகும் மிச்சமிருக்கும் அந்த ராத்திரியில் கதை பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அப்பாதான் கதை சொல்லுவார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அறுபதுகளில் கப்பலேறி, பொதுப்பணித் துறையில் மஸ்தூராகச் சேர்ந்தவர். கையில் பாக்குவெட்டி இருக்கும். பேசிக்கொண்டே வெட்டுவார், வாக்கியம் முடிகிற இடத்தில் டக்கென்று ஒரு வெட்டு விழும். அம்மா சுளகில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். தலை நிமிரமாட்டாள். ஆனால் அப்பா ஒரு இடத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் போதும், குனிந்த தலையிலிருந்து குரல் வரும்: “அதில்லே.”

அந்த ‘அதில்லே’யைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு குர்ஜன் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. மே மாசத்தில் பிடிக்கிற மழை டிசம்பர்வரை விட்டுவிட்டுப் பெய்யும்; வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான், எங்களுக்கு அது தகரத்தின் மேல் கேட்கிற சத்தம். மழை வலுத்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. கதை உச்சத்தில் இருக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். அப்பா வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி காத்திருப்பார், நாங்களும் காத்திருப்போம். அந்த இடைவெளியில் அம்மா மட்டும் விடமாட்டாள். மழைக்கு மேலே குரலை உயர்த்தி, சற்று முன் அவர் சொன்னதற்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவருக்குக் கேட்காது. கேட்காத மாதிரி இருப்பாரோ என்னவோ.

இங்கே எனக்கு மேலே இன்னும் மூன்று மாடி. மழை பெய்தால் ஜன்னல் கண்ணாடி நனைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பக்கத்து வீடு மாஷியுடையது. 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்களைத் தென் அந்தமானில் கொண்டுவந்து குடிவைத்தார்கள், காட்டைத் திருத்தி நெல் போடச் சொல்லி. மாஷி அந்த ஆட்களில் ஒருத்தி, சின்னப் பெண்ணாக வந்தவள். அம்மாவுக்கு வங்காளி தெரியாது, மாஷிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் பேசியது அந்தமான் இந்தி. அதற்கு இலக்கணம் கிடையாது, ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் வேலி ஓரத்தில் நின்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேச அது போதுமாக இருந்தது. அவர்கள் பாந்தா பாத் என்றார்கள், நாங்கள் பழைய சோறு என்றோம். பச்சை மிளகாய் இரண்டு வீட்டுக்கும் ஒரே செடியிலிருந்து வந்தது. “கானா ஹுவா?” என்று அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற குரல். சாப்பிட்டாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்தான், வாட்ஸாப்பில்.

அப்பாவின் கப்பல் கதைக்கு வருகிறேன். மதராஸிலிருந்து தாம் வந்தது ‘மகாராஜா’ கப்பலில் என்பார். மூன்று நாள் பயணம், அடித்தட்டில் பங்க், வாந்தி, நாலாம் நாள் காலையில் கரை தெரிந்தது, எல்லாம் வரும். ‘மகாராஜா’ என்று சொல்லும்போது தாமே சிம்மாசனத்தில் உட்கார்ந்து வந்த தோரணை இருக்கும். அரசியல் கைதிகளைச் செல்லுலார் சிறைக்குக் கொண்டுபோன கப்பலின் பெயரும் அதுதானே. அந்தப் பெயருக்கு ஒரு கனம் உண்டு.

“அதில்லே,” என்பாள் அம்மா. “அது மாஷி வந்த கப்பல். நீங்க வந்தது வேற.”

விஷயம் அவ்வளவுதான். அப்பா பக்கத்து வீட்டுக் கப்பலைக் கடன் வாங்கிவிட்டார். திருப்பிக் கொடுக்கவேயில்லை.

இப்போது எனக்கு வருகிற சிக்கல் இதுதான். புயலில் கூரை பறந்து, அரிசிப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தது எங்கள் அப்பத்தாவா, மாஷியின் மாமியாரா? கிணறு தோண்டும்போது கிடைத்த பழைய காசு யார் வீட்டுக் கதை? எனக்குள் எல்லாம் ஒரே குரலில்தான் கேட்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்துப் பாருங்கள்; நினைவுக்கு வருகிற முகங்களில் பாதிக்கு மாலை போட்டிருக்கும்.

பேத்திக்குக் கதை சொல்லுகிறேன். சமயத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். பூரானை ஒரு முழம் நீளத்துக்கு வளர்த்துவிட்டேன், அட்டையைக் குடம் குடமாக ரத்தம் குடிக்க வைத்தேன். அவள் கண்ணை விரித்துக் கேட்கிறாள். எல்லாவற்றையும் நம்புகிறாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறான். குறுக்கே ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

திருத்த ஆளில்லாமல் போவதுதான் முதுமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூட்டு வலி வரும் என்றார்கள், கண் மங்கும் என்றார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. அதைப் பேத்தியிடம் சொல்வதில்லை. எழுபதுகளில் டிரங்க் ரோடு போட்டபோது அப்பா அந்த வேலையில் இருந்தார். ஜிர்காடாங்குக்கு அப்பால் காட்டுக்குள் கூட்டமாகத்தான் போவார்கள், காவலுக்குப் போலீஸ் இருக்கும். அம்பு எங்கிருந்து வரும் என்று தெரியாது என்பார். அந்தக் காட்டுப் பழங்குடிகளான ஜாரவாக்கள் அவர் கதையில் பேய்கள். அதைக் கேட்டுவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டோம். யாருடைய காட்டில் யார் ரோடு போட்டார்கள் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததேயில்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் ஜாரவா காப்பகப் பகுதியில் அந்த ரோட்டை மூடச் சொன்னது, ரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பாவுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருக்கும். கூலிக்குப் போன ஆள், பயந்துகொண்டே போன ஆள். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தபோது, பதில் சொல்ல அவர் இல்லை.

ஊருக்குப் போய்வரலாமே என்கிறார்கள். இப்போது என்ன, விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. போனேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது எல்லாருக்கும் தெரியும். வந்த அலை திரும்பிப் போனதும் செய்தியும் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைய பூகம்பத்தில் தென் அந்தமானே ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிப்போனது. அதனால் சிப்பிகாட்டிலும் எங்கள் பக்கத்துத் தாழ்ந்த வயல்களிலும் ஏற்றத்துக்கு ஏற்றம் உப்பங்கழி ஏறி வந்தது. நெல் இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர். தென்னைகள் தலை உதிர்ந்து வெறும் கம்பங்களாக நின்றன. வரப்பின் மேல் நடந்து பள்ளிக்கூடம் போன வழியை யாருக்காவது காட்டலாமென்றால், கையை நீட்டித் தண்ணீரைத்தான் காட்ட வேண்டும். மாஷி வீட்டில் இப்போது வேறு யாரோ. நல்ல மனிதர்கள்தான், உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

போர்ட் பிளேர் என்ற பெயரும் 2024 செப்டம்பரில் போய்விட்டது. ஸ்ரீ விஜயபுரம். இருக்கட்டும், பெயர் வைத்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பழைய பெயர் இருந்த காலத்தில், சாயங்காலம் ஆகாசவாணியில் எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று சொல்வார்கள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். கடிதம், வெங்காயம், வாரப் பத்திரிகை எல்லாம் அந்தக் கப்பலில்தான். ஒருவருக்காகக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பது... இப்போது எல்லாம் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது.

தம்பி இன்னும் அங்கேதான், கராச்சர்மாவில். எனக்குப் பத்து வயது இளையவன். கதைகளின் வால் மட்டும்தான் அவனுக்குக் கிடைத்தது. போன வாரம் கூப்பிட்டு, அப்பத்தா பானை கதையைச் சொல்லி, அது நம் வீட்டில் நடந்ததுதானா என்று கேட்டேன்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இல்லைன்னு சொல்லேன்டா ஒரு தடவை,” என்றேன். அவன் சிரித்தான். அப்புறம் அவனுக்கும் ஒன்று கேட்க இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று போட வேண்டுமாம்.

“மகாராஜான்னே எழுதச் சொல்லு,” என்றேன்.