எமது படமும் இறுவட்டும்

கலை மக்களுக்கே என்று முழங்குவது எளிது. அக்கலை எவ்வழியாக மக்களின் கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பவர் சிலரே. படம் பிடிப்பதோடு தமது கடமை முடிந்துவிட்டது என எண்ணுவோர் நம்மிடையே உளர். அதைச் சுருக்கி இறுவட்டில் எழுதுவது கடைக்காரரின் தொழில். கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து, மலையகத் தோட்டமொன்றில் நிகழ்ந்த காமன் கூத்தைப் படமாக்கினோம். பகலெல்லாம் மலையில் உழைத்தவர்கள் இரவில் தப்பொலிக்கு ஆடினர். சிறு நாடாக்களிற் பதிந்தவற்றைத் தொகுத்தபோது 90 நிமிடப் படம் கிடைத்தது. தோட்டப் பாடசாலையின் கணினியில் ஆடியவர்களே அதனைப் பார்க்கவேண்டும் என்பது எமது நோக்கம்.

ஒரு மணிநேர நாடா கணினியில் ஏறக்குறைய 13 ஜிகாபைற் இடத்தைப் பிடித்தது. ஒற்றைப் படலமுள்ள டி.வி.டி. இறுவட்டில் அடங்குவதோ 4.7 ஜிகாபைற். ஆதலின் சுருக்கியே ஆகவேண்டும். டி.வி.டி. படங்களுக்குரிய எம்பெக்-2 முறை, இடையிடையே சில சட்டங்களை மட்டும் முழுமையாக வைத்து, ஏனையவற்றில் மாறிய பகுதிகளையே குறித்துக்கொள்கிறது. அசையாத மலை சொற்ப இடத்தில் அடங்கிவிடும். தீப்பந்த ஒளியிற் சுழன்றாடும் மனிதனுக்கு மிகுந்த இடம் வேண்டும். அது கிடையாவிடின் அவன் முகமே முதலிற் சதுரங்களாகச் சிதறும்.

நகரத்துக் கடையொன்று செய்து தந்த மாதிரி வட்டில் நேர்ந்தது இதுவே. நான்கு மணிநேரக் கலியாண வீடியோவை ஒரே வட்டில் அடைக்கும் அளவையே எமது படத்துக்கும் இட்டிருந்தார்கள். தேயிலை மலை பளிச்சென்று நின்றது. ஆடியவரின் முகங்கள் சிதைந்திருந்தன. வட்டிலோ பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது!

பின்னர் நாமே கணக்கிட்டோம். 4.7 ஜிகாபைற்றை 90 நிமிடங்களுக்குப் பங்கிட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 7 மெகாபிற் கிடைக்கும். ஒலிக்குரியது போகப் படத்துக்கு 6 மெகாபிற்றுக்கு மேல் எஞ்சியது. படத்தை இருமுறை ஓடவிட்டுச் சுருக்கும் வழியைத் தேர்ந்தோம். முதன்முறை, எக்காட்சிக்கு எவ்வளவு தேவை எனக் கணினி அளக்கிறது. மறுமுறை அதற்கேற்பப் பங்கிடுகிறது. எல்லார்க்கும் ஒரே அளவு என்பதை விடுத்து, அவரவர் தேவைக்கேற்ப வழங்கும் இந்நியதி நம் வாசகர்களுக்குப் புதியதன்று.

வேலை ஓர் இரவு முழுவதும் நடந்தது. வட்டின் சாயப்படலத்தை லேசர் சுட்டு அடையாளமிடுவதால், மிதமான வேகத்தில் எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்துச் சரிபார்த்தோம்.

இன்னொரு தடையும் இருந்தது. பாடசாலைக் கணினியில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியுடன், டி.வி.டி.யின் எம்பெக்-2 படத்தை விரிக்கும் மென்பொருள் சேர்ந்து வரவில்லை. அந்நுட்பத்தின் மீது காப்புரிமைகளும் கட்டணமும் இருந்த காலம் அது. அமெரிக்காவில் அவ்வுரிமைகள் 2018இலேயே காலாவதியாயின. பாரிசை அடுத்த கல்லூரியொன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியிற் பிறந்து, 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுடன் வெளிவந்த வி.எல்.சி. எமக்குக் கைகொடுத்தது. அதனையும் அதே வட்டிற் சேர்த்து எழுதினோம்.

அச்சிறு திரையின்முன் லயத்து மக்கள் நெருக்கியடித்து நின்றனர். ரதியாக ஆடிய இளைஞனின் தாய், "எங்க புள்ளையோட மொகம் நல்லாத் தெரியுதுங்க சேர்" என்றார். எமது படத்துக்குக் கிடைத்த விமர்சனங்களுள் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டைச் செருகுவதற்கே இடமில்லை. சாயப்படலமும் காலத்தால் மங்கும். இத்தகைய வட்டுக்களை வைத்திருப்போர், மீண்டும் சுருக்காது, உள்ள கோப்புகளை உள்ளவாறே வன்தட்டுக்கு நகலெடுத்து, இரண்டு மூன்று இடங்களிற் காத்தல் வேண்டும். மாணவர்க்கு இக்கணக்கைக் கற்பித்தலும் ஆசிரியரின் பணியே. சுருக்கும் அளவைப் பிறர் தீர்மானிக்கும்வரை, எவர் முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிப்பார்.