பத்துக்குப் பத்து அறை

பாட்டுக் கேட்பதற்காகத்தான் ஸ்பீக்கர் செய்கிறேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஸ்பீக்கர் செய்வதற்காகத்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி முடிந்து, பாலிஷ் காய்ந்து, ஒயர் மாட்டி முதல் பாட்டு ஓடும்போதே அடுத்த பெட்டிக்கு எத்தனை லிட்டர் வைக்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் வூஃபரின் கோனை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்திப் பார்க்கிறவரைக் கண்டால், அவர் நம்ம ஆள்.

அழுத்திப் பார்த்தால் காயில் உரசுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் எண்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளும் வருவதற்கு முன்னால், பெட்டி செய்வது பாதி கைப்பழக்கம், பாதி அதிர்ஷ்டம். அவர்கள் புண்ணியத்தில் வூஃபரின் ஒத்ததிர்வு எண், அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, அதன் தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்று எத்தனை லிட்டர் என்ற மூன்றும் தெரிந்தால் போதும், பெட்டியின் அளவைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். விலை குறைந்த வூஃபருக்குக் கடையில் இந்த விவரத்தாள் தரமாட்டார்கள். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, மல்டிமீட்டரை வூஃபரின் முனைகளில் வைத்து, அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஓரிடத்தில் வோல்டேஜ் குபீரென்று ஏறும். அதுதான் ஒத்ததிர்வு எண். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. அவ்வளவு சுகம்.

நான் சொல்ல வந்த பெட்டி 8 அங்குல வூஃபருக்கானது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, உள்ளே 30 லிட்டர். மூலைகளிலெல்லாம் ஃபெவிகால் வழிய வழிய ஒட்டி, குறுக்குச் சட்டம் கொடுத்து, விரல் கணுவால் தட்டினால் சத்தமே எழாத அளவுக்கு இறுக்கிக் கொடுத்தார் ஆசாரி. கடைசியில் நான் பி.வி.சி. குழாயை நீட்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"காத்துகூடப் போகக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அடைக்க வெச்சீங்களே சார், இப்ப ஓட்டை போடச் சொல்றீங்க?"

"அது ஊதுற ஓட்டை அண்ணே."

வெறும் சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் வருமே, அதே சமாச்சாரம். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்; குழாய்க்குள் இருக்கும் காற்று அதில் ஆடும் எடை. 30 லிட்டர் பெட்டியில் 7.5 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் 22 செ.மீ. நீளம் இருந்தால் அது 40 ஹெர்ட்ஸில் பேசும். வூஃபர் தடுமாறுகிற இடத்தில் குழாய் தோள் கொடுக்கும். ஆசாரி சமாதானமாகவில்லை, ஆனால் ஓட்டையை அழகாக வட்டமாகப் போட்டுக் கொடுத்தார்.

முடிந்ததும் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்பீக்கரைச் சோதிக்க வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. கீழே தளம் ஒன்றுதான். மற்றப் பக்கம் போன சத்தம் எதுவும் திரும்பி வராது. பேஸ் கிட்டார் படி இறங்குகிற மாதிரி வரும் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டேன். கனம் கொஞ்சம் கம்மி. ஆனால் எல்லாப் படியும் ஒரே உயரம். அதே பெட்டி, அதே ஆம்ப்ளிஃபயர், அதே பாட்டைக் கீழே என் அறையில் போட்டால் ஒரு படியில் மட்டும் யாரோ யானையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கிராஸ்ஓவரை மாற்றினேன். பெட்டிக்குள் பஞ்சைக் கூட்டினேன், குறைத்தேன். வேறு ஒயர்கூட வாங்கினேன். இவையெல்லாம் கையால் செய்கிற வேலைகள் என்பதால் எனக்குப் பிடித்தவை. பிரச்சினை பெட்டியில் இருக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். பெட்டியில் இருந்தால்தானே இன்னொரு பெட்டி செய்யலாம்!

போனில் ஒலி எழுப்பும் செயலியை இறக்கி, ஃபேனை அணைத்து, வியர்க்க வியர்க்க 40 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தேன். 55-ஐத் தாண்டியதும் இரும்பு பீரோவின் கைப்பிடி கிணுகிணுக்க ஆரம்பித்தது. 57-இல் பரணில் இருந்த எவர்சில்வர் அடுக்கும் சேர்ந்துகொண்டது. கீழேயிருந்து அம்மா, "டேய், மோட்டார் ஓடுது பாரு, டேங்க் நெறஞ்சு வழியப்போகுது!" என்று கத்தினார்.

அந்த ஒலியை நிறுத்தாமல் அறைக்குள் நடந்து பார்த்தேன். சுவரோரம் போனால் காது அடைக்கிற மாதிரி அமுக்குகிறது. மூலையில் இன்னும் மோசம். அறையின் நட்டநடுவில் வந்து நின்றால் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. அங்கேயே குனிந்தால் வருகிறது, நிமிர்ந்தால் போகிறது. ஸ்பீக்கர் ஒரே அளவில்தான் ஊதிக்கொண்டிருக்கிறது. நான் தலையை ஓரடி நகர்த்தினால் வேறு ஸ்பீக்கர்.

காரணம் பள்ளிக்கூடப் பௌதிகம்தான். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பாதி அலைநீளம் கச்சிதமாகப் பொருந்தும் ஒலி அங்கேயே நின்று ஆடும்: சுவரில் அழுத்தம் உச்சம், நடுவில் பூஜ்யம். அடிக்கணக்கு பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமான வழி, 570-ஐ அறையின் நீளத்தால் வகுப்பது. என் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம். கொத்தனார் கைராசி, கூரையும் பத்தடி. மூன்று பக்கமும் 57. வெவ்வேறு இடங்களில் விழுந்து பரவ வேண்டிய மூன்று வீக்கங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த சுரம் 58-ஐ ஒட்டி. பாட்டு அந்த இரண்டில் கால் வைக்கும்போதெல்லாம் அறை கூடவே பாடிக்கொண்டிருந்தது. நின்றால் என் காது தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கும். அறையின் நடுவில் மூன்று திசையிலும் பூஜ்யம் கூடுகிற புள்ளி அதுதான்.

மன்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டார். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஆட்சி அறையுடையது. மேலே போகப் போக ஸ்பீக்கரின் குணம் தெரியத் தொடங்கும். அறை சிறியதாகவும் எதிரொலி நீளமாகவும் இருந்தால் கோடு மேலே ஏறும். என் அறைக்கு அது 300 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தது. அதாவது பேஸ் கிட்டார், தபேலாவின் பாயா, ஆண் குரலின் அடிப்பகுதி என்று நான் வூஃபரைப் பார்த்துப் பாராட்டியது, திட்டியது எல்லாமே பெருமளவு கொத்தனாரின் வேலை.

நம் வீடுகளுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. இந்தத் துறைப் புத்தகங்களில் பலவும் மேல்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்க வீட்டில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். கீழ்ஸ்தாயி அலை மோதும்போது அந்தப் பலகை சற்றே அசைந்துகொடுத்துச் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நமக்கோ 9 அங்குலச் செங்கல், அதன் மேல் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். வந்த அலையை அப்படியே திருப்பி அனுப்புகிற சுவர்கள். பேஸை எப்படிக் கூட்டுவது என்ற அத்தியாயத்தை நாம் தாராளமாகத் தாண்டிப் போய்விடலாம்.

இதைச் சொன்னால் உடனே யாராவது முட்டை அட்டையைப் பற்றிக் கேட்பார்கள். நாமக்கல்லில் உள்ள அட்டை அத்தனையையும் ஒட்டினாலும் 57-க்கு ஒன்றும் ஆகாது. பஞ்சு வகையறா, காற்று வேகமாக அசைகிற இடத்தில்தான் ஒலியைத் தின்னும். அந்த இடம் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. 57 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தடி. பத்தடி அறையில் ஐந்தடிக்குப் பஞ்சடைத்தால் நான் எங்கே உட்காருவது? நடு, மேல் ஸ்தாயிகளுக்குப் பஞ்சு பிரமாதம். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் போய், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமந்து வந்து பரப்பி, 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஊதி, எதிரொலி அடங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் குறித்தார். அறை ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான். அவர் பெயரைச் சொல்லி நானும் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலைகளில் நிறுத்தினேன். கை தட்டினால் கேட்கும் 'டிங்' என்ற உலோகச் சத்தம் அடங்கியது; பாடகியின் 'ச'க்கள் உறுத்துவது நின்றது. 57 அசையவில்லை.

அசைய வேண்டியது நாற்காலி. பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தேன், எல்லார் வீட்டிலும் போடுவதுபோல. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம். அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்தால், நீளவாக்கில் நிற்கும் அலையின் அழுத்தம் பாதியாகும். 6 டெசிபல் குறைவு. அதற்கு மேலே 114-இல் இருக்கும் அதன் இரட்டிப்புக்கும் அங்கே அதே பாதிதான். தரையில் இரண்டடி டைல்ஸ் என்பதால் டேப்கூட வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை டைல் தாண்டி, கால் அடி தள்ளி நாற்காலியைப் போட்டு அதே பாட்டைப் போட்டேன். படிகள் தெரிந்தன. யானை இன்னும் அங்கேதான், ஆனால் படுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை பலகை, எத்தனை காயில், எத்தனை இரவுக் கணக்கு; இதில் எதுவும் தராத மாற்றத்தை, பைசா செலவில்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தந்துவிட்டது. வருகிறவர்களிடம் பெட்டியைக் காட்டலாம், இணைப்பைக் காட்டலாம், பாலிஷைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். நாற்காலி நிற்கும் இடத்தை எப்படிக் காட்டுவது? "நடு ரூம்ல நாற்காலியைப் போட்டா நாங்க எந்தப் பக்கம் போறது?" என்பதுதான் வீட்டில் கிடைத்த ஒரே விமர்சனம்.

அப்புறம் பெட்டியின் முறை. மாடியில் நேராக இருக்கட்டும் என்று நான் கணக்கிட்ட பேஸ், சுவர்களுக்கு நடுவே வந்ததும் தானாகவே வீங்கிவிடுகிறது. ஆசாரி அத்தனை அழகாகப் போட்ட ஓட்டையில் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தேன். மூடிய பெட்டியில் பேஸ் சீக்கிரமே இறங்க ஆரம்பிக்கும். ஆனால் செங்குத்தாக விழாமல் சரிவாக இறங்கும். ஆக்டேவுக்கு 24 டெசிபல் விழுவது 12 ஆகிறது. சின்ன அறை கீழே தூக்கிக்கொடுப்பதும் அந்தச் சரிவும் ஓரளவு சரிக்குச் சரியாகிவிடுகின்றன. எட்கர் வில்சர் 1954-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏ.ஆர்.1 இந்த மூடிய பெட்டி வகைதான். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ-யும் அப்படியே. பிபிசிக்காரர்கள் முதலில் இடத்தைப் பார்த்தார்கள், பிறகு பெட்டியைச் செய்தார்கள்.

மிச்சமிருந்த வீக்கத்தை ஈக்வலைசரில் 57-இல் ஒடுக்கமாக 5 டெசிபல் வெட்டினேன். வெட்டத்தான் முடியும். அலை ரத்தாகிற இடத்தில் எவ்வளவு கூட்டினாலும் ரத்தும் கூடவே கூடும், வூஃபர்தான் திணறும். 170 ஹெர்ட்ஸில் ஒரு சின்ன மேடு இன்னும் இருக்கிறது. நாற்காலி நிற்கும் அதே இடம் அதற்கு உச்சம். அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன்.

போன மாதம் நண்பர் ஒருவர் வந்திருந்தார். புது வீடு, தனி அறை, பெட்டி செய்ய ஆசை. எந்த வூஃபர் நல்லது என்று கேட்டார். அறையின் அளவைக் கேட்டேன். பன்னிரண்டுக்குப் பத்து, கூரை பத்தரை. பரவாயில்லை, 47, 57, 54 என்று கொஞ்சமாவது பிரிந்து விழுகிறதே என்று ஒரு தாளில் படம் போட்டு, நாற்காலி எங்கே, பெட்டி எங்கே என்று புள்ளி வைத்துக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, 8 இன்ச் போதுமா? 10 இன்ச்சே போட்டுடலாமா?" என்றார். 10 அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று நானும் பேச ஆரம்பித்துவிட்டேன்.