டாங்கிக்கு எங்கே காற்று அடிப்பது?



போன கிழமை கல்கிசைக் கடலில் எடுத்த படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வி. "சேர், வெள்ளவத்தையில இருந்துகொண்டு டாங்கிக்கு எங்க காத்தடிக்கிற? லேசான வழி ஒன்டு சொல்லுங்க." பழைய மாணவர்கள் ஆறேழு பேர், ஒரு மாணவரின் வாப்பா, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர். தனித்தனியாக எழுத நேரமில்லை, தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறோம். நாங்கள் என்பது நாலு பேர். மூவர் ஆசிரியர்கள், கலாசாலை விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். நாலாமவர் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிறார், எங்களில் நல்ல நீச்சல்காரர் அவர்தான்.

முதலில், காலி வீதி டயர் கடையில் முடியாது. சிரிக்க வேண்டாம், இரண்டு பேர் உண்மையாகவே கேட்டார்கள். கார் டயருக்கு 2 பார் சொச்சம் அமுக்கம் போதும். சுழியோடும் சிலிண்டருக்கு 200 பார் வேண்டும். அந்தக் கொம்பிரசரால் அதன் கிட்டவும் வர முடியாது. அதில் வரும் காற்று மூச்சுக்கான காற்றும் இல்லை, எண்ணெயும் ஈரமும் கலந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதிலும் பலருக்குக் குழப்பம். 2021 ஓகஸ்டில் டெல்டா பரவிய நேரம், ஒரு இரவு பக்கத்து வீட்டு ராத்தா கதவைத் தட்டினார். கணவருக்கு மூச்சுத் திணறல். "தம்பி, உங்கட டாங்கில ஒட்சிசன் ஈக்கிதானே, தாங்களேன்." இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் சாதாரண காற்று, 21 சதவீதம் ஒட்சிசன், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். நோயாளிக்கு அதனால் பயன் இல்லை. "அப்ப ஒட்சிசன் அடிச்சித் தாங்க" என்றார். அதுவும் கூடாது. சாதாரண காற்று அடித்து வந்த சிலிண்டரில் சொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும், அமுக்கத்தோடு தூய ஒட்சிசன் போகும்போது தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். 1990க்கு அடித்து அம்பியூலன்ஸ் வரும்வரை அவர்கள் வீட்டு வாசலில் நின்றோம். அவர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். வீட்டில் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி லேசான வழிக்கு வருவோம். ஆக லேசானது, சிலிண்டர் வாங்காமல் இருப்பது. சுழியோடும் நிலையத்தோடு போனால் சிலிண்டர் அவர்களுடையது, காற்றும் அவர்களுடையது. வருஷத்துக்கு நாலு தரம் போகிறவருக்கு அதுவே போதும். சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஒரே நிலையத்தோடு பழகிக்கொண்டு, வெறும் சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தால், அடுத்த தரம் போகும்போது நிரப்பி வைத்திருப்பார்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கல்கிசை கிட்ட. கொட்டாஞ்சேனைக்காரருக்கு நீர்கொழும்பும் தோது. எங்கே போனாலும் சுழியோடிப் பயிற்சி அட்டையைக் கேட்பார்கள். கேட்காத இடம் என்றால் நாங்கள் போவதில்லை.

போனதும் சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் திகதியைப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நீரமுக்கப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். பிறகு கொம்பிரசர் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் ஓரிடத்துக்குப் போனோம். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு மூன்றடி தள்ளி அந்த வாய். காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கரையில் தலைவலியோடு போகிற அளவு, ஆழத்தில் ஆளை மயக்கிவிடும். நாங்கள் வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தோம். அவசரப்பட்டு அடித்தால் சிலிண்டர் சூடாகும். அப்போது மானி 200 காட்டினாலும், ஆறியதும் இறங்கிவிடும்.

கொண்டு போவது தனிக் கதை. 14 கிலோ அலுமினியத்தை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றக் கொண்டக்டர் விடமாட்டார், அது நியாயமும்தான். ஆட்டோவில் படுக்க வைத்து, உருளாமல் கட்டி, வெயிலில் விடாமல் கொண்டு போகலாம். ஆனால் 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் கொட்டாஞ்சேனை நண்பர் ஒரு வருஷத்துக்கு மேல் சிலிண்டரை வீட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை. கொச்சிக்கடைத் தேவாலயம் அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தாடி வைத்த ஒருவர் உலோக உருளையோடு ஆட்டோவில் போவதை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும்? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் பயந்தால் அதைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பிறகு ஒரு நாள் பகலில் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிலிண்டரை மூடாமல் முன்னுக்கு வைத்திருந்தோம், நிலையத்தின் பற்றுச்சீட்டும் அட்டையும் கையில். நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. வாத்துக்கால் போன்ற அந்த ரப்பர் செட்டைகளைக் கண்டதும் இளம் சிப்பாய் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து செட்டைகள் எப்போதும் மேலேதான்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்ட தம்பிமாரில் இருவர் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை, கற்பிட்டிப் பக்கம் கடலட்டை பிடிக்கும் வேலைக்குப் போக யோசிக்கிறார்கள். அங்கே காற்று அடிப்பது ஒரு பிரச்சினையே இல்லை தம்பி. எத்தனை சிலிண்டர் வேண்டுமானாலும் நிரப்பித் தருவார்கள். பயம் அதில்தான். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லீற்றர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு, 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மூன்று மடங்கு என்பதால் 60 லீற்றர் போகும். 50 பாரை மிச்சம் வைத்து ஏறினால் அரை மணித்தியாலம்கூட இல்லை. காற்று முடிவது, ஏறு, ஓய்வெடு என்று கடல் சொல்கிற மாதிரி. படகில் அடுத்த சிலிண்டர் தயாராக இருந்தால் அந்தச் சொல் காதில் விழாது. நாலு, ஐந்து என்று ஒரே நாளில் மாற்றி மாற்றி இறங்கும்போது உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற நேரமில்லாமல், மேலே வரும்போது குமிழியாகிறது. மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது வரை போகும்.

எங்களிடம் பத்தாம் ஆண்டில் படித்த பிள்ளை ஒருவர் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். பெயர் வேண்டாம். வலி வந்த அன்று களைப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துப் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் பின்னேரம். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அமுக்க அறை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேருகிற ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. போகத்தான் போகிறீர்கள் என்றால் கடற்றொழில் திணைக்கள அனுமதி இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், யாருக்காவது கால் மரத்தால் எந்த வாகனத்தில் எங்கே கொண்டு போவார்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருகிறோம், சனிக்கிழமை என்றால் வசதி.

மே பிறந்தால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும், நொவம்பர் வரை இந்தப் பக்கம் பல நிலையங்கள் மூடியிருக்கும். சிலிண்டரை வீட்டில் வைப்பவர்கள் முழுதாக வெறுமையாக்காமல் 20, 30 பார் விட்டு வால்வை மூடுங்கள், உள்ளே ஈரம் போகாது. நிமிர்த்தி, சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். குசினியில் வேண்டாம்.