அகற்றப்பட்ட படை

சில ஆண்டுகளுக்கு முன், மகன் வேலை பார்க்கும் இலண்டனுக்குச் சென்றிருந்தோம். அப்போது செல்சியிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்திற்கு அவன் நம்மை அழைத்துப் போனான். அங்கே ஓர் அறையளவு பரந்து கிடந்தது வாட்டர்லூ போர்க்களம். 1815 ஜூன் 18, மாலை ஏறத்தாழ 7 மணி. அந்த ஒரு கணம் அப்படியே நிலைத்து நின்றது. வயல்கள், பண்ணை வீடுகள், அவற்றினிடையே 70,000க்கு மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக வீரர்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் நக அளவு. "உருவங்கள் முன் இவ்வளவு நேரம் நிற்கலாமா, அத்தா?" என்று மகன் நகைத்தான். நாம் நகரவில்லை.

நம்மை நிறுத்தியவை பொம்மைகளல்ல. அவை பிறந்த வரலாறு. 1830இல் இப்பணியை ஏற்ற வில்லியம் சிபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, போர்க்களத்துப் பண்ணை வீடொன்றில் எட்டு மாதம் தங்கி மேடுபள்ளங்களை அளந்தார். பின்னர், அப்போரில் நின்று உயிர்தப்பிய அதிகாரிகளுக்கெல்லாம் மடல் எழுதினார். அம்மாலை உங்கள் பிரிவு எங்கே நின்றது? எதிரே நின்றவர் யார்? வயலில் என்ன பயிர் இருந்தது? நூற்றுக்கணக்கில் மறுமொழிகள் வந்தன. ஹதீஸ் பாடத்தில் அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக எடைபோடக் கற்ற நமக்கு அம்மனிதர் அயலாராகத் தோன்றவில்லை.

அவர் திரட்டிய சாட்சியங்களின்படி, அவ்வேளையில் பிரஷ்யப் படை பெருந்திரளாய் வந்து நெப்போலியனின் வலப்புறத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. சிபோர்ன் அவ்வாறே நிறுத்தினார். வெற்றிப் புகழில் பங்கு போகிறதே என்று வெலிங்டன் கோமகன் தரப்பினருக்கு மனத்தாங்கல். அரசின் பொருளுதவியும் 1833இல் நின்றது. கடன்பட்டு முடித்து 1838இல் மக்களுக்குக் காட்டினார். இறுதியில், பிரஷ்யரில் பெரும்பகுதியினரை அவரே அகற்றினார்.

அவரைக் கோழை என்று சொல்ல நம் நா எழவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு மதரஸாவின் ஆண்டுவிழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. முதியோர் பலரிடம் கேட்டெழுதினோம். கட்டடம் எழுந்தது ஒரு செல்வரின் கொடையால் மட்டுமன்று; வீடுதோறும் பெண்கள் அன்றாடம் எடுத்துவைத்த பிடியரிசியை விற்ற காசும் அதில் உண்டு என்றே அனைவரும் கூறினர். கையெழுத்துப் படியைப் பார்த்த செல்வரின் வாரிசு, "இந்தப் பத்தி வேண்டாமே, ஹஜ்ரத்" என்றார். குரலில் கடுமைகூட இல்லை. அடித்துவிட்டோம். பிடியரிசிக் கதையை நமக்குச் சொன்ன மூதாட்டி, மலரைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, கடைசி வரி வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

சிபோர்னுக்கு வந்த மடல்கள் அழியவில்லை. அவருடைய மகன் 1891இல் அவற்றுள் பலவற்றை நூலாக்கினார். நம் குறிப்பேடும் பெட்டியின் அடியில்தான் கிடந்தது. ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தோம். மூதாட்டி சொன்ன பெயர்கள் 41. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. மையில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.